அலமு விட்ட எண்

சைகோனில், கத்தினா வீதியில் கடிகாரம் பழுதுபார்க்கும் லெயோன் புதுச்சேரிக்காரன். வாய்க்கு வேலி கிடையாது. வயிரவன் நீட்டிய கடிதக் கட்டைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்ன செட்டியாரே, பொஞ்சாதி கையெழுத்துல கடிகார எண்ணா? சைகோன்ல எல்லாரும் ரோமன் எண்ணைத்தான் கட்டிக்கிட்டுத் திரியுறாங்க."

"அதைப் பார்த்தா எவனோ துரை கையைக் கட்டிக்கிட்டு முறைக்கிற மாதிரி இருக்கப்பா."

தேவகோட்டையில் மனைவி அலமுவிடம் மூன்றே வருஷம் என்று சொல்லிவிட்டு நெல் மண்டி வேலைக்கு வந்தவன் வயிரவன். இது எட்டாவது வருஷம். ஊருக்கு எப்போது என்று யார் கேட்டாலும் "அடுத்த கப்பல்" என்பான். அதைச் சொல்வதில் நல்ல தேர்ச்சி. அவள் முகம் மறந்துவருகிறது என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. பார்க்க அவளுடையது ஏதாவது வேண்டும்.

லெயோன் கடிதங்களிலிருந்த தமிழ் எண்களை மெல்லிய தாளில் படியெடுத்தான். அலமுவின் ௨ வயிறு பெருத்தது. ௭ வாலை நீட்டிப் பக்கத்து வரியை இடித்தது. ௬ மட்டும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு எழுதியது போல அவசரமாக இருந்தது. எல்லாம் அகப்பட்டன, மூன்றைத் தவிர. எட்டு வருஷக் கடிதத்தில் ஒரு ௩ கூட இல்லை!

"பஞ்சாங்கத்துல பார்த்து ஒண்ணு போட்டுரட்டுமா?"

"வேணாம். குடும்பப் போட்டோவுல போலீஸ்காரன் நின்ன மாதிரி ஆயிரும்."

"அதுவும் சரிதான். முள்ளு எல்லாத்துலயும் ஒண்ணுதான், எண்ணுதான் முகம். ஒண்ணு வேத்தாளா வந்தா முகமே கோணிக்கும்."

அலமுவிடம் கேட்டு வாங்க வெட்கம். தந்திரமாக எழுதினான்: தொழுவத்தில் இப்போது மாடு எத்தனை? 'முன்பு ௨. ஒன்று கன்று ஈன்றது' என்று பதில் வந்தது. தென்னை எத்தனை பிழைத்தது? '௪ வைத்தோம். ஒன்று பட்டுவிட்டது.' இரண்டுக்கும் விடை மூன்றுதான்; எழுத்தில் மட்டும் அது இல்லை. தன் சாமர்த்தியத்தின் மேல் வயிரவனுக்கு இருந்த மதிப்பும் அந்தத் தென்னையோடு பட்டுப்போயிற்று.

கடைசியில் நேராகவே கேட்டான்: கடிகாரத்துக்காக ஒரே ஒரு ௩ எழுதி அனுப்பு.

பதிலை லெயோனிடம் வாசித்துக் காட்டினான்:

'காசிக்குப் போகிறவர்கள் ஒரு காயை விட்டுவிட்டு வருவார்கள். நான் எங்கும் போகவில்லை. எத்தனை வருஷத்தில் வருவதாகச் சொன்னீர்களோ அந்த எண்ணை, நீங்கள் கப்பல் ஏறிய அன்றே விட்டேன். பால் கணக்கில்கூட எழுதுவதில்லை. வந்தால் எழுதுவேன்.'

லெயோன் படியெடுத்த தாளை மேசைமேல் விரித்தான். "இப்ப என்ன செய்யட்டும்?" என்றான்.

"அந்த இடத்தை மட்டும் வெறுமையா விட்டுரு. பொடிப் பிரஷும் ஒரு புட்டி மையும் கட்டிக் குடு."

"அங்க போறதுக்குள்ள மை காஞ்சிருமே."

"அப்ப ரெண்டு புட்டி குடு. அவ கோவம் தணியவும் நாளாகும்."

கடிகாரம் கைக்கு வந்த அன்றே துறைமுகத்துக்குப் போனான். சீட்டுக் கொடுக்கிற குமாஸ்தா எந்தக் கப்பல் என்று கேட்டார்.

"அடுத்த கப்பல்" என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

குமாஸ்தா அதை நம்பிச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.