ஒன்பது வண்டிகள்

பயிற்சியின் மூன்றாவது வாரத்துக்குள் பெரியக்காவுக்கு அந்த நாற்காலியைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. வலது கைப்பக்கம் எழுதுவதற்கு ஒரு பலகை வைத்த நாற்காலி. இருபத்திரண்டு வருடமாகக் குனிந்தும் மண்டியிட்டும் மல்லாந்து படுத்தும் வேலை பார்த்த உடம்பு, ஒரே இடத்தில் ஆறு மணி நேரம் உட்காரச் சொன்னால் எங்கே உட்காரும்? பதினோரு மணிக்கே முட்டி இரண்டும் முனக ஆரம்பித்துவிடும்.

கேரவன் பட்டறையில் அவள் தலைமை மெக்கானிக். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாவற்றையும் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போகிறவர்களின் வண்டிகளைக் கட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் பட்டறையின் வேலை. அவளுக்கு மேலே மேனேஜர். மேனேஜர் வேறு யாருமில்லை, அவளுடைய கொழுந்தன். கணவனின் ஒரே தம்பி. பட்டறையில் எல்லாருக்கும் அவள் பெரியக்கா, அவனுக்கு மட்டும் அண்ணி.

மேனேஜர்களுக்கும் மூத்த தொழில்நுட்ப ஆட்களுக்கும் நான்கு வாரப் பயிற்சி என்று முதலாளி இருவரையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். காலையில் கொழுந்தன் காரில் வந்து கூட்டிப்போவான். பயிற்சி முடிந்ததும் இருவரும் பட்டறைக்குப் போய், அன்று நின்றுபோன வேலைகளில் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்புவார்கள். வீட்டில் கணவன் இடுப்பு வலியோடு சமைத்து வைத்திருப்பான். சாப்பிட்டதும் அவள் பயிற்சிப் புத்தகத்தை விரிப்பாள். இரண்டாவது பக்கம் தாண்டுவதற்குள் கண் சொருகிவிடும்.

பாடம் நடத்தியவளுக்கு முப்பத்தைந்து வயதுதான். வகுப்பில் இருந்த பதினான்கு பேரும் அவளைவிடப் பெரியவர்கள். முதல் வாரம் கிண்டலாக டீச்சர் என்று கூப்பிட்டார்கள். இரண்டாவது வாரம் நிஜமாகவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்தப் புதன்கிழமை டீச்சர் எல்லாரையும் பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். அங்கே ஐந்து பழைய கேரவன்கள் நின்றன. மூன்று பேருக்கு ஒரு வண்டி என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்தாள்; ஒரு வண்டிக்கு மட்டும் இரண்டு பேர்.

"இதெல்லாம் சொந்தக்காரங்க வேண்டாம்னு குடுத்துட்ட வண்டிங்க. என்ன கோளாறுன்னு நீங்க கண்டுபிடிங்க. யார் செஞ்ச தப்புன்னு எனக்கு வேண்டாம், எப்படி நடந்திருக்கும்னுதான் வேணும். நாளைக்குக் காலையில எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

பெரியக்காவும் கொழுந்தனும் ஒரே வண்டியில் விழுந்தார்கள். மூன்றாமவர் பஸ்ஸுக்கு பாடி கட்டும் கம்பெனியிலிருந்து வந்தவர், நல்ல கனத்த உடம்பு. அவர் படியில் கால் வைத்ததும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

"பயப்படாதீங்க, நான்தான்" என்றார் பஸ்காரர்.

வண்டியோடு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் வயதான கணவன் மனைவி. வண்டியில் தூங்கி எழும்போதெல்லாம் அந்த அம்மாவுக்குத் தலைவலி, குமட்டல். கணவருக்குக் காற்றோட்டமான சன்னலோரப் படுக்கை. அவருக்கு ஒன்றும் இல்லை. மனப்பிரமை என்று டாக்டர் உட்பட எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஊர் சுற்றும் ஆசையையே விட்டு, வண்டியைச் சும்மா கொடுத்துவிட்டார்கள்.

பெரியக்கா தாளை மடித்துப் பையில் வைத்தாள். வாசம் எதுவும் வந்ததாகத் தாளில் இல்லை. வாசம் இல்லாமல் தலைவலி என்றால் கேஸ் கசிவு இல்லை, ஹீட்டர் புகைதான். ஹீட்டரின் புகைக்குழாய் துணி அலமாரிக்குப் பின்னால் ஏறிக் கூரை வழியாக வெளியே போகும். அவள் அலமாரிக்குள் மண்டியிட்டுப் பின்பலகையைக் கழற்றினாள். டார்ச் அடித்தாள். குழாயின் இணைப்பைப் பிடிக்கும் கிளாம்ப் வளையம் இருந்தது, ஆனால் இறுக்கப்படவில்லை. விரலால் தொட்டதும் சுற்றியது. குழாய் அரை அங்குலம் நழுவி, பலகையின் உட்பக்கம் முழுக்கக் கரி படிந்திருந்தது.

"இந்தா பிடிச்சாச்சு" என்று சொல்ல வாயெடுத்தபோது டார்ச் வெளிச்சம் பக்கத்துச் சுவரில் விழுந்தது.

அங்கே ஈரம் பட்டு உளுத்த பலகையை வெட்டியெடுத்து, புதுத்துண்டு வைத்திருந்தார்கள். துண்டின் நான்கு மூலைகளும் வளைவாகச் சீவப்பட்டிருந்தன. அவள் பட்டறையில் மூலையை அப்படிச் சீவுகிறவள் ஒருத்திதான். டார்ச்சை அலமாரிக் கதவின் உட்பக்கம் திருப்பினாள். சோதனை முடிந்ததாக ஒட்டும் சீட்டு. மேல்பாதி கிழிந்து கம்பெனி பெயர் இல்லை. கீழே தேதியும், வால் நீண்ட ஒரு கையெழுத்தும் இருந்தன. அவளுடைய கையெழுத்து.

கொழுந்தன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அவன் மூச்சு நின்று திரும்பியது அவள் காதில் விழுந்தது.

"அண்ணி, எழுந்திருங்க. நான் பாத்துக்கறேன்" என்றான் மெதுவாக.

"என்னம்மா, ஏதாவது சிக்குச்சா?" என்று வெளியிலிருந்து பஸ்காரர் கேட்டார்.

"கிளாம்ப் லூசு" என்றாள் பெரியக்கா. டார்ச்சை அணைத்தாள்.

மதிய இடைவேளையில் கொழுந்தன் அவளைக் கார் நிற்குமிடத்துக்கு அழைத்துப் போனான். தேதியைப் பார்த்ததுமே இருவருக்கும் அந்த நாள் ஞாபகம் வந்திருந்தது. பதினான்கு மாதங்களுக்கு முன்னால், விடுமுறைக் கூட்டம் அலைமோதிய வாரம். ஒரே நாளில் ஒன்பது வண்டி வெளியே போக வேண்டும். வாசலில் வாடிக்கையாளர்கள் பிள்ளைகுட்டியோடு காத்து நின்றார்கள். காலையிலேயே அவன் ஒன்பது சீட்டை நீட்டி, "கையெழுத்த மட்டும் போட்டு வச்சிடுங்க அண்ணி, டெஸ்ட் முடிய முடிய பசங்க ஒட்டிக்குவாங்க" என்றான். அவளும் போட்டாள். இந்த வண்டியில் சுவர் வேலைக்காகப் புகைக்குழாயைக் கழற்றியதும் அவள்தான். திரும்ப மாட்டி, கிளாம்பைக் கையால் திருகி, ஸ்குரூடிரைவரை எடுக்கப் போனபோது வாசலில் யாரோ சத்தம் போடுகிறார்கள் என்று அவன் கூப்பிட்டான். போனாள். பிறகு வேறு வண்டி. ஹீட்டரை அரை மணி நேரம் எரியவிட்டுப் புகை அளக்கும் சோதனையை யாரும் செய்யவில்லை. சீட்டு தயாராக இருந்தது, ஒட்டிவிட்டார்கள்.

"பேரே இல்ல அண்ணி அதுல. யாருக்கும் தெரியாது. கிளாம்ப் லூசு, கண்டுபிடிச்சோம், முடிஞ்சுது. நாளைக்கு நான் பேசறேன்."

"எனக்குத் தெரியுமே தம்பி."

"தெரிஞ்சு? அங்க பதினாலு பேர்ல பன்னெண்டு பேர் நம்ம தொழில்ல போட்டிக்காரங்க. சாயங்காலத்துக்குள்ள ஊரெல்லாம் நாறிடும். முதலாளி உங்களையும் விடமாட்டார், என்னையும் விடமாட்டார். அண்ணனுக்கு இடுப்பு அந்த நிலைமையில இருக்கு. யோசிச்சுப் பாருங்க."

"கூப்பிட்டது நீ" என்றாள். அவனை அவள் நீ என்று சொல்லிப் பல வருடமாகிறது. உடனே தலையை ஆட்டினாள். "இல்ல, விடுங்க. இறுக்காம போனது நான்தான்."

அன்று பட்டறைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். கணவன் இடுப்புக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அவன் உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டான். "நான் யாருக்குன்னு பேசறது? அவன் என் கூடப்பொறந்தவன். நீ என் பொண்டாட்டி. ஒரு பக்கம் பேசினா இன்னொரு பக்கம் சோறு கிடைக்காது."

"சிரிப்பு வரலைங்க."

"எனக்கும்தான் வரல." கத்தியைக் கீழே வைத்தான். "அந்த அம்மாவுக்கு இப்ப தலைவலி இருக்கா?"

"தெரியல."

"கேட்டா என்ன?"

அவ்வளவுதான் சொன்னான். அவள் போய் முகம் கழுவினாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் கூப்பிட்ட பிறகுதான் குழாயை மூடினாள்.

மறுநாள் காலை கொழுந்தன்தான் அணிக்காகப் பேசினான். நன்றாகவே பேசினான். வெள்ளைப் பலகையில் குழாயை வரைந்து காட்டி, கிளாம்ப் தளர்ந்திருந்தது, நாளாவட்டத்தில் அதிர்வால் தளர்ந்திருக்கலாம் என்றான். பஸ்காரர் தலையாட்டினார். டீச்சர் குறித்துக்கொண்டாள்.

"அதிர்வு இல்ல" என்றாள் பெரியக்கா.

எழுந்து நின்றாள். நாற்காலிப் பலகையில் கை ஊன்றியே எழ வேண்டியிருந்தது. "அது முதல்லயே இறுக்கல. இறுக்க வேண்டியவ நான். அந்தச் சீட்டுல இருக்கறது என் கையெழுத்து. டெஸ்டுக்கு முன்னாடியே போட்டு வச்ச கையெழுத்து."

வகுப்பில் ஒரு பேனா உருண்டு விழுந்த சத்தம் கேட்டது. கொழுந்தன் மார்க்கரின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றான். பின்வரிசையில் ஒருவர், "இதுக்கெல்லாம் எதுக்கும்மா, யார்தான் போடல" என்று முணுமுணுத்தார். அது ஆறுதலா அலுப்பா என்று தெரியவில்லை.

டீச்சர் அவளை வையவில்லை, பாராட்டவும் இல்லை. "கம்பெனி பேரை நான்தான் கிழிச்சேன். யாருக்கும் தலைகுனிவு வேண்டாம்னு" என்றாள். பிறகு கேட்டாள்: "அன்னிக்கு எத்தனை சீட்டுல அப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?"

"ஒன்பது."

"மத்த எட்டு வண்டி?"

இரவெல்லாம் அந்த ஒரு வண்டியையே சுமந்துகொண்டு கிடந்த பெரியக்காவுக்கு மற்ற எட்டும் நினைவுக்கே வரவில்லை. மெல்ல உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே திரும்ப எழுந்தாள்.

"நான் போகணும்" என்றாள்.

பட்டறையில் அவள் சொன்னதைக் கேட்டு முதலாளி கத்தினார். கத்தி முடித்து, தொண்டை வறண்டு தண்ணீர் குடித்து, பழைய பதிவேட்டை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அடுத்த ஆறு மாதம் அவள் எந்தச் சீட்டிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்றார். மேனேஜருக்கு எழுத்தில் எச்சரிக்கை. கொழுந்தன் அதை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதலில் அவள் அழைத்தது அந்த வயதான அம்மாவை. டீச்சரிடம் எண் வாங்கியிருந்தாள். மூன்று தடவை மணியடித்த பிறகு எடுத்தார்கள். பெரியக்கா யாரென்று சொல்லி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அப்ப அது என் மனசு இல்லையா?" என்றது அந்தக் குரல்.

"இல்லம்மா. புகை. உங்க தலைமாட்டுலதான் கசிஞ்சிருக்கு. என் தப்பு."

"இருங்க." ரிசீவரைக் கையால் மூடியும் மூடாமலும் அந்த அம்மா உள்ளே பார்த்துக் கத்துவது கேட்டது. "ஏங்க, இங்க வாங்க. வந்து நீங்களே கேளுங்க. பைத்தியம் பைத்தியம்னீங்களே, வந்து கேளுங்க!"

அந்தப் பெரியவர் வந்து கேட்டார். பெரியக்கா எல்லாவற்றையும் இரண்டாவது முறை சொன்னாள். அவர் கோபப்படவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. வீட்டில் தலைவலி இல்லை, வண்டியை விட்டதோடு நின்றுவிட்டது என்றார். பிறகு, "அவ ஒரு வருஷமா என்கிட்ட சரியாப் பேசறதில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அடுத்து மற்ற எட்டு. ஏழு பேர் கிடைத்தார்கள். ஹீட்டரைத் தொடாதீர்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் திட்டிய வார்த்தைகளை அவள் யாரிடமும் திருப்பிச் சொல்லவில்லை. அடுத்த வாரம் முழுக்க, டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, மதியம் வரை பயிற்சி, மதியத்துக்கு மேல் ஏதோ ஒரு வீட்டு வாசலில் நிற்கும் கேரவன் என்று போயிற்று. அவள் சோதிப்பாள், கையெழுத்துப் போட வேறொரு மெக்கானிக் கூட வருவார். ஆறு வண்டிகளில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் புகை அளக்கும் கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, எண் ஏறாமல் இருக்கிறதே என்று மகிழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ஏழாவது வண்டி மூன்று மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்தது. அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு பட்டறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கொழுந்தன் கார் சாவியை எடுத்தான்.

"அட்ரஸ் குடுங்க" என்றான். அந்த வாரத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

மாலையில் போன் செய்தான். குரலில் மூச்சிரைப்பு. சட்டையோடு தானே அலமாரிக்குள் புகுந்திருக்கிறான். "அண்ணி, இதுல கிளாம்ப் நல்லாத்தான் இருக்கு. குழாய்ல ஒரு விரிசல். அன்னிக்கே இருந்ததா, அப்புறம் வந்ததா தெரியல. அளவு ஏறுது." கொஞ்சம் நிறுத்தினான். "கைக்குழந்தை இருக்கு இந்த வீட்டுல. அடுத்த வாரம் கிளம்பறதா இருந்தாங்களாம்."

"குழாயை மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன். ரெண்டு தடவை அளந்தேன். இன்னொரு தடவை அளந்துட்டு வரேன்."

அவன் போனை வைக்காமல் இருந்தான். அவளும் வைக்கவில்லை. பிறகு, "அண்ணன்கிட்ட நான் வர லேட்டாகும்னு சொல்லிடுங்க, உங்க வீட்டுலதான் சாப்பிடுவேன்" என்றான்.

எட்டாவது வண்டி கிடைக்கவில்லை. அதன் சொந்தக்காரர் ஒருவருக்கு விற்று, அவர் தரகர் மூலம் இன்னொருவருக்கு விற்றிருந்தார். பயிற்சியின் கடைசி நாளில் எல்லாரும் சான்றிதழோடு படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள். பஸ்காரர் நடுவில் நின்றால் மற்றவர் தெரியமாட்டார்கள் என்று அவரை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பெரியக்கா தாழ்வாரத்தில் அந்தத் தரகரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளை வண்டி, நீலக்கோடு. பின்பக்கம் சைக்கிள் மாட்டற கம்பி இருக்கும்" என்றாள் மூன்றாவது தடவையாக.

"நான் எத்தனையோ வண்டி பாக்கறேம்மா. விசாரிச்சுச் சொல்றேன்."

"எப்ப கூப்பிடட்டும்?"

"நாளைக்குக் கூப்பிடுங்க."

"காலையிலயா, சாயங்காலமா?"

தரகர் சலித்துக்கொண்டு, காலையில் என்றார். அவள் நேரத்தைக் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். உள்ளே யாரோ பெரியக்கா, பெரியக்கா என்று கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று கை காட்டிவிட்டு, பக்கத்துப் படிக்கட்டில் ஒரு நிமிடம் உட்கார்ந்தாள்.