சந்தனச்செல்வியின் சிரிப்பு

நான் வாயைத் திறந்தால் துறைமுகத்து லாரிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். என் பெண்டாட்டி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து சந்தனச்செல்வி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. பகலெல்லாம் தூக்கம் வேறு. சோறு வடிக்கும்போதே கண் சொருகும். ஒரு டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். ஒரு மாற்றமும் இல்லை.

"ஏலே செந்தூர்வேலு, அவளுக்கு உன்னைப் பிடிக்கல. தலை ஆடிக்கு ஏரலுக்கு அவ அம்மை வீட்டுக்குப் போவால்லா, அப்படியே விட்டுரு. திரும்பக் கூப்பிடாத," என்றாள் என் அம்மா. எனக்கு அவளை விட மனசில்லை. அதைச் சொல்ல ரோஷம் விடவில்லை.

மாத்திரை தீர்ந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அவள் தூக்கத்தையும் சிரிக்காததையும் நான் சொல்லி முடித்ததும், புதிதாக வந்திருந்த டாக்டர் ஆனி என்னை விட்டுவிட்டு அவளைக் கேட்டார்.

"அழுகை வருதாம்மா? வாழ்க்கை வெறுத்துப்போச்சா?"

"இல்ல டாக்டர். தூக்கம்தான் தாங்க முடியல."

"பிறகு ஏன் சிரிக்கவே மாட்டேங்க?"

செல்வி என்னைப் பார்த்தாள். "சிரிச்சா விழுந்துருவேன். காலு துவண்டுரும். பேய்னு சொல்லிருவாங்கன்னு யார்ட்டயும் சொல்லல. இவுக பேச ஆரம்பிச்சா அடக்கவே முடியாது, அதான் உக்காந்துருவேன்."

டாக்டர் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார். "நான் பிடிச்சுக்கிடுதேன். நீங்க ஒரு ஜோக் சொல்லுங்க," என்றார் என்னிடம்.

எனக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை! ஊரையே சிரிக்க வைத்தவன் திருதிருவென்று முழித்தேன். அந்த முழியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முழங்கால் மடிந்து தலை சாய்ந்தது. டாக்டர் தாங்கிக்கொண்டார். கண் திறந்தேதான் இருந்தது, நாங்கள் பேசியதெல்லாம் அவளுக்குக் கேட்டதாம். ஒரு நிமிஷத்துக்குள் எழுந்துவிட்டாள்.

"இது மனச்சோர்வு இல்ல, தூக்க நோய் மாதிரி இருக்கு. சிரிச்சா உடம்பு துவளுறதும் அதோட அடையாளம்தான்," என்று டாக்டர் திருநெல்வேலிக்கு அனுப்பினார். அங்கே தூங்க வைத்துச் சோதித்துவிட்டு அதையே சொன்னார்கள். முழுதாகத் தீராது, மருந்தில் அடக்கி வைக்கலாம் என்று எழுதித் தந்தார்கள். எனக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. என்னைப் பிடிக்காமல் இல்லை! பஸ் ஸ்டாண்டிலேயே அழுதுவிட்டேன்.

தலை ஆடிக்குப் போயிருந்தவளை ஆடி முடிந்ததும் கூட்டிவர ஏரலுக்குப் போனோம். நோய் விஷயம் தெரிந்தபின் முதல் ஆளாகக் கிளம்பியது அம்மாதான். விருந்தில் செல்வி நின்றுகொண்டு பாயசம் ஊற்றினாள். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏளா, இந்த மூஞ்சியைப் பாத்து நீ சிரிக்கலன்னுதானா உன்னை வேண்டாம்னு சொன்னேன்? என்னைச் சொல்லணும்!"

செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். அவளைப் பிடிக்க நாங்கள் எல்லோரும் இலையை விட்டு எழுந்தோம். அவள் முழங்கால் லேசாக ஆடியது, அவ்வளவுதான்.

"எல்லாரும் உக்காந்து சாப்பிடுங்க," என்றாள். "நான் நிக்கேம்லா!"