அம்மாவுக்குச் சொன்ன அர்த்தம்

கட்டுகஸ்தோட்டையில் ஒரு டியூட்டரியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள் சுகிர்தா. அந்த வாரம் 'டேர்ம்' என்ற எழுத்துகள் உள்ளே ஒளிந்திருக்கும் சொற்களைப் பாடமாக எடுத்திருந்தாள். டேர்ம் என்றால் தவணை. டேர்மினேட், முடித்துவிடுவது. டேர்மினல், முடிவிடம். டிட்டேர்மின்ட், மனஉறுதி உள்ள.

"அப்ப டேர்மைட், மிஸ்? கறையானுக்கும் முடிவா?" என்று ஒரு பிள்ளை கேட்க, வகுப்பே சிரித்தது. எழுத்து ஒத்துப்போனாலும் எல்லாம் ஒரே குடும்பமில்லை என்று சொல்லிச் சமாளித்தாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாட்டில் அப்பாவின் கட்டிலருகே நின்றாள். மடுல்கெல்ல பக்கம் பஸ் ஓட்டிய ஜெயராஜ், ஈரலில் வந்த புற்றுநோயால் வற்றிப்போய்க் கிடந்தார். பெரிய டொக்டர் தன் மாணவர்களோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்து, அந்தக் கட்டிலைக் கடக்கும்போது, "டேர்மினல்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

அம்மா பரிமளம் மகளின் கையைப் பிடித்தாள். "என்னமோ டேர்முன்னு சொன்னாரே, என்ன புள்ள?"

பிழைக்கமாட்டார் என்று சொல்ல மனமில்லாமல் சுகிர்தா வேறொரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். "டிட்டேர்மின்ட்னு சொன்னாரும்மா. அப்பாவுக்கு மனசு உறுதியாம். தேறிருவாராம்."

அம்மாவின் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு வெளிச்சம். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம் அந்தச் சொல்லைத் தப்பும் தவறுமாகச் சொல்லிப் பெருமைப்பட்டாள். பிறகு தேத்தண்ணி வாங்கக் கீழே போனாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். "டொக்டர் சொன்னது, நான் கொழும்புக்கு பஸ் ஓட்டுன காலத்துல போர்டுல பார்த்த சொல்லுதாம்மா. அங்க எறங்குனா அதுக்கு மேல பஸ் போகாது."

"அப்பா..."

"அழாத. அம்மாகிட்ட நீ சொன்னது அப்படியே இருக்கட்டும். கொஞ்ச நாளைக்காவது சிரிக்கட்டும் அவ."

அந்தச் சிரிப்போடுதான் அம்மா வெள்ளிக்கிழமை ஹந்தானையிலிருந்த தங்கள் வீட்டுக்குப் போனாள். வீட்டுக்கு வரப்போகிற மனுசனுக்காக, ஈரம் ஊறிய சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆள் பிடித்திருந்தாள். அன்று மத்தியானம், சுகிர்தா தண்ணீர் பருக்கிக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் மூச்சு நின்றது. அம்மா ஓடி வந்தபோது கையெல்லாம் பெயின்ட்.

காரியம் முடிந்த பிறகும் அம்மா டொக்டரைத் திட்டுவதை நிறுத்தவில்லை. "தேறிருவாருன்னு பொய் சொல்லிட்டானே பாவி! தெரிஞ்சிருந்தா நான் அன்னைக்கு அவர விட்டுட்டு வந்திருப்பேனா?"

சுகிர்தாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "டொக்டர் பொய் சொல்லலம்மா. அவர் சொன்னது வேற. நாந்தான் மாத்திச் சொன்னேன்."

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று சுகிர்தா காத்திருந்தாள்.

"ஒங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியல" என்றாள் அம்மா. புதுப் பெயின்ட் வாசம் போகாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.