யூரியாத் தண்ணீர்

ஜெயமுருகன் புது பிக்கப் வண்டி வாங்கியது பெண்டாட்டி காளியாயிக்காகத்தான். அவளுக்கு இளைப்பு. டீசல் புகை பட்டால் போதும், நடந்துபோகிறவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். புது வண்டிகளுக்குச் சட்டம் கடுமையாகிவிட்டது, புகையே தெரியாது என்று விற்றவன் சொன்னதை நம்பி, பீன்ஸ் விளைச்சலில் வந்த பணத்தையெல்லாம் அதில் கொட்டினான்.

அவள் அண்ணன் சேனாதிபதிக்கு அது தாங்கவில்லை. முப்பது வருஷத்து ஜீப்பை ஓட்டுகிறவன் அவன். எதைப் பேசினாலும் பெருமாள்மலை டீக்கடையில் பத்துப் பேர் கேட்கத்தான் பேசுவான்.

"ஏன் மாப்ள, வண்டி நம்மது, காசு நம்மது. எதை வாங்கணும், எதை ஓட்டணும்னு டெல்லியில இருக்கவன் சொல்லுவானாக்கும்?"

"மூச்சும் நம்மதுதான மச்சான்? ஒங்க தங்கச்சிக்குத்தான் முட்டுது."

"அவளுக்குச் சின்னதுலயே முட்டும். அப்ப எங்க வீட்டுல மாட்டு வண்டிதான் நின்னுச்சு."

கடையே சிரித்தது. சிரிப்புக்குப் பயந்த மனுஷன் எதையும் செய்வான், கண்ணுகளா.

புது வண்டியில் டீசல் தொட்டி போக இன்னொரு சின்னத் தொட்டி உண்டு. புகையின் நஞ்சை முறிக்க, அதில் யூரியாத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது கேனில் விற்கும். கேனும் கையுமாக ஜெயமுருகன் வந்ததைச் சேனாதிபதி பார்த்துவிட்டான்.

"ஏலே, இங்க பாருங்கடா! வீட்டுல யூரியா மூட்டை மூட்டையாக் கெடக்கு. தொரை கடையில வாங்கிட்டு வாராரு! நீயெல்லாம் வெள்ளாம பண்ற சம்சாரிக்குத்தான் பொறந்தியா?"

அடுத்த முறை ஜெயமுருகன் கேன் வாங்கவில்லை. பீன்ஸுக்குப் போடுகிற யூரியாவை வாளியில் கரைத்து, வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டி ஊற்றினான். அவ்வளவு சுத்தமாகத்தான் செய்தான், பாவம். உர யூரியாவில் பூசியிருக்கும் வேப்பெண்ணெய் எந்தத் துணிக்கும் நிற்காது.

நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் மழையில் காளியாயிக்கு மூச்சு முட்டியது. உறிஞ்சுகிற மருந்துக்கும் அடங்கவில்லை. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். பெருமாள்மலை தாண்டிய ஏற்றத்தில் வண்டிக்குள் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இழுவை போய், வண்டி சினைமாடு போல ஊர்ந்தது. என்னவென்று பார்க்க நிறுத்தினான். பிறகு அது கிளம்பவே இல்லை.

போன் போட்டதும் சேனாதிபதி ஜீப்போடு வந்தான். குறை சொல்லக் கூடாது, வெரசாகத்தான் வந்தான்.

"ஏத்துய்யா. ஒன் சுத்தமான வண்டி இங்கனயே கெடக்கட்டும்."

காளியாயியைப் பின்னால் படுக்கவைத்து, சாரல் படாமல் படுதாவை இறக்கிக் கட்டினார்கள். ஜீப்பில் வைப்பர் ஓடாது. கண்ணாடியைத் துடைக்க ஜெயமுருகன் முன்னால் உட்கார்ந்தான். பின்பக்கத்து அடித்தகடு துருவேறி ஓட்டையாகிக் கிடந்தது.

"அண்ணே... பொகை..." என்றாள்.

"இந்தா வந்துரும் ஆத்தா. படுதாவத் தொறக்காத, நனைஞ்சா இன்னும் முட்டும்."

"நீங்க சொல்லித்தான மச்சான் அந்தத் தண்ணிய ஊத்துனேன்?"

"நான் கேலிக்குச் சொன்னேன். ஒனக்குப் புத்தி எங்க போச்சு? இந்த மாதிரி வண்டிய விக்கவே விடக் கூடாது."

"ஒங்க ஜீப்ப ஓட்டவே விடக் கூடாது."

செண்பகனூர் வரை இதுவே பேச்சு. அங்கே பின்னாலிருந்து வந்த இரைப்பு நின்றது.

"பாத்தியா, எளகிருச்சு," என்றான் சேனாதிபதி. "எந்த வண்டி கொண்டாந்து சேத்துச்சு? இப்பச் சொல்லு."

ஆஸ்பத்திரி வாசல் வரை, அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்றே ஜெயமுருகன் யோசித்துக்கொண்டு வந்தான். முதலில் பார்த்தது ஆஸ்பத்திரி ஆயாதான். கையை வெளியே நுழைத்துப் படுதாவின் ஒரு முடிச்சை அவிழ்த்து, அந்த இடுக்கில் மூக்கை வைத்தபடியே காளியாயி மூச்சு அடங்கிப்போயிருந்தாள்.