பவுனு வாய் வைத்த பானைகள்

என் வீட்டுக்காரருக்கு யாரிடமும் 'வேண்டாம்' என்று சொல்ல வராது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் தலையில் அடித்துக்கொள்கிற விஷயம் இது. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டிக்கு அழகப்பன் என்று பெயர் வைத்து என் கழுத்தில் கட்டிவிட்டார்கள்.

சிங்கப்பூரில் மாட்டுப்பண்ணையா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆமாம், தீவின் வடமேற்கு மூலையில், லிம் சூ காங்கில்தான். கொஞ்சம் மாடு, கொஞ்சம் ஆடு. விடியுமுன் எழுந்து சாணி அள்ளி, கொட்டில் கழுவி, பால் கறந்து, லிட்டில் இந்தியா என்கிற தேக்காவின் கடைகளுக்கும் கோயில்களுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

பொங்கல் வந்தால் தேக்காவில் கொட்டகை போட்டு எங்கள் மாட்டைக் கட்டி வைப்போம். இந்த வருஷம் பவுனைக் கூட்டிப்போனோம். செவலை நிறம், கண்ணில் மை தீட்டிய மாதிரி இருக்கும். எத்தனை பேர் தொட்டாலும் மிரளாது. ஒரே ஒரு கெட்ட குணம், எதைக் கொடுத்தாலும் தின்னும். என் துப்பட்டாவையே பாதி தின்றிருக்கிறாள், முண்டம்.

மாட்டுப் பொங்கலன்று, வைத்த பொங்கலில் முதலில் மாடு வாய் வைக்க வேண்டும், அப்புறம்தான் வீட்டார் சாப்பிட வேண்டும் என்று நம் சனங்களுக்கு ஒரு வழக்கம். செங்காங்கில் பத்தாவது மாடியில் மாட்டுக்கு எங்கே போவது? அதனால் பானையைத் துணியில் சுற்றி எம்.ஆர்.டி ரயிலில் ஏற்றித் தேக்காவுக்கே கொண்டு வந்துவிடுகிறார்கள். கொண்டு வரட்டும், தப்பில்லை. ஆனால் மாட்டு வயிற்றுக்குப் புல்லும் வைக்கோலும்தான் ஒத்துக்கொள்ளும். சோறும் வெல்லமும் குவியலாகப் போனால் உள்ளே புளித்துப் பொங்கி, காற்று அடைத்து, மாடு மூச்சு முட்டிச் செத்துவிடும்.

என் வீட்டுக்காரரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "ஒரு விரல்ல தொட்டு நாக்குல தடவுங்க, போதும். அதுக்கு மேல ஒரு பருக்கை போகக்கூடாது."

"சரி விசாலாட்சி, சரி. எனக்குத் தெரியாதா?"

அபிஷேகத்துக்குப் பால் கொடுக்கக் கோயிலுக்குப் போனேன். அங்கே கூட்டம், நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தால், கொட்டகை வாசலில் ரத்தினம்மா நிற்கிறார். வருஷா வருஷம் வருகிறவர். முகமெல்லாம் பூரிப்பு. கையில் இருந்த வெண்கலப் பானையை என் மூஞ்சிக்கு நேரே கவிழ்த்துக் காட்டினார்.

"மொத்தத்தையும் சாப்பிட்டுருச்சு லா! வழிச்சு நக்கிருச்சு, பாரேன்!"

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடும்பம் காலிப் பானையோடு கும்பிட்டுக்கொண்டிருந்தது. குப்பைத் தொட்டியில் வாழை இலைகள் வழிந்தன. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பவுனின் கொம்பில் கட்டிய சாமந்தி மாலையைச் சரி செய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"எத்தனை பேரு கொடுத்தாங்க?"

"எல்லாரும் தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க விசாலாட்சி. சாமி காரியம். எப்படி வேணாம்னு சொல்றது?"

"வாயால சொல்றது! வாய் எதுக்கு இருக்கு?"

அங்கேயே கத்தினேன். ஜனம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். பவுனு ஒரு காலைத் தூக்கித் தன் வயிற்றையே உதைத்தாள். அதைப் பார்த்ததும் என் கத்தல் நின்றுவிட்டது. வயிறு வலித்தால்தான் மாடு அப்படி உதைக்கும்.

கொட்டகை ஏற்பாட்டாளர் பிரபாகரிடம் கிளம்புகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு உடனே லாரியில் ஏற்றினோம். என் வீட்டுக்காரர் முன்னால் ஓட்டினார், நான் பின்னால் பவுனோடு நின்றேன். குதிரைகளையும் மாடுகளையும் பார்க்கிற டாக்டர் சுசீலாவுக்குப் போன் போட்டேன். பண்ணைக்கு வந்துவிடுகிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்றார்.

பி.ஐ.இ. விரைவுச்சாலையில் ஏறியதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் எங்கேயோ விபத்து. கார்களும் பஸ்களும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நகராமல் கிடந்தன. வெயில் தகரத்தில் இறங்கியது. பவுனின் இடப்பக்கம் உப்ப ஆரம்பித்தது. முதலில் இடுப்புப் பள்ளம் நிரம்பியது. பிறகு அது மேடாகி முதுகெலும்பையும் தாண்டி எழும்பியது. விரலால் தட்டிப் பார்த்தேன். தவில் மாதிரி ஒலித்தது.

"பவுனு, ஏப்பம் விடுடி. என் ராசாத்தில்ல, ஒரே ஒரு ஏப்பம் விடு."

அவள் கழுத்தை நீட்டி, நாக்கை வெளியே தள்ளி, எச்சில் ஒழுக மூச்சு வாங்கினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல். பக்கத்துக் காரில் ஒரு குழந்தை ஜன்னலைத் திறந்து எங்களைப் பார்த்துக் கை ஆட்டியது. பவுனின் முன்னங்கால்கள் மடிந்தன. கிடுகிடுவென்று லாரி ஆடியது. விழுந்துவிட்டாள்.

மாடு வளர்ப்பவள்தான், மாடு சாவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தேர் மாதிரி மாலை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்துக் கூட்டிப்போன மாடு, ஊர் பிரார்த்தனையையெல்லாம் தின்றுவிட்டு என் காலடியில் சாவதா? முன்பக்கத் தகரத்தை இரண்டு கையாலும் அடித்தேன். அவர் லாரியை ஓரங்கட்டிவிட்டு ஏறி வந்தார். பவுனைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

டாக்டருக்கு மறுபடி போன் போட்டேன்.

"நாக்கு நீலமாயிருச்சா?" என்று கேட்டார்.

"ஆயிட்டிருக்கு டாக்டர்."

"அப்ப நான் வர்ற வரைக்கும் தாங்காது. கத்தி இருக்கா?"

இருந்தது. பவுனுக்குக் கரும்பு நறுக்கக் கொண்டுபோன கத்தி.

"இடப்பக்கம்தான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல உப்பியிருக்கில்ல, அதோட உச்சியில குத்துங்க. தோல் தடியா இருக்கும், பயந்துக்கிட்டுக் குத்தினா இறங்காது. இறங்கினதும் கத்தியைத் திருப்பிப் பிடிங்க, காத்து வெளிய வரட்டும்."

"செத்துப்போயிட்டா?"

"குத்தலைன்னா கட்டாயம் செத்துடும், அக்கா."

கத்தியை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். "நீங்கதானே ஊட்டுனீங்க, நீங்களே குத்துங்க" என்றேன். அவர் கை நீட்டினார். அந்தக் கை நடுங்கிய நடுக்கத்தில் கத்தி அவர் விரலையே வெட்டியிருக்கும். பிடுங்கிக்கொண்டேன். "தலையைப் பிடிங்க. விட்டீங்கன்னா உங்களையும் சேர்த்துக் குத்திடுவேன்."

அவர் பவுனின் தலையை மடியில் வைத்துக் கொம்பை அணைத்துக்கொண்டார். நான் அந்த மேட்டின் உச்சியில் கையை வைத்தேன். உள்ளே அவளுடைய இதயம் அடிக்கிறதா, என் இதயம் அடிக்கிறதா, தெரியவில்லை. தினம் காலையில் நான் தேய்த்துக் கழுவுகிற தோல் அது. அம்மா தாயே என்று கத்திக்கொண்டே, என் உடம்புக் கனத்தையெல்லாம் போட்டு அழுத்தினேன்.

முதலில் இறங்கவில்லை. அப்புறம் சட்டென்று இறங்கியது. கத்தியைத் திருப்பினேன். புஸ்ஸென்று காற்று சீறியது. புளித்த சோற்று நுரை என் முகத்திலும் சேலையிலும் தெறித்தது. நான் கத்தியை விடவில்லை. மேடு மெல்ல மெல்லத் தாழ்ந்தது. பவுனு ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்தாள். அதற்குப் பிறகுதான் நானும் மூச்சு விட்டேன்.

சாலையோரத்துக்கே வந்து சேர்ந்தார் டாக்டர். ஒரு குழாயைச் செருகினார், மருந்து போட்டார். ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

"காத்து போயிருச்சு. ஆனா வயிறு வேலை செய்யலை. தானா ஏப்பம் விட்டு அசை போட்டாத்தான் பொழைக்கும். நாளைக்குள்ள அசை போடலைன்னா..."

மறுநாள் காலை பவுனு கொட்டிலில் படுத்தே கிடந்தாள். காது சில்லென்று இருந்தது. வைக்கோலை மோந்துகூடப் பார்க்கவில்லை. மற்ற மாடுகளுக்குத் தீனி போட்டேன், பால் கறந்தேன், சாணி அள்ளினேன். கை வேலை செய்ததே தவிர, கண் அவள் தாடையை விட்டு நகரவில்லை. அசையவே இல்லை அந்தத் தாடை. என் வீட்டுக்காரர் பவுனின் வயிற்றை வைக்கோலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். எழுந்திரு என்று யாரும் சொல்லாமல் எழுந்திருக்கப் போவதில்லை என்பது போல உட்கார்ந்திருந்தார்.

போன் அடித்தது. பிரபாகர். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, மாடு எப்போ வருது? காணும் பொங்கலாச்சே, கூட்டம் வந்துருச்சு. நேத்து விட்டுப்போனவங்கல்லாம் பானையோட நிக்கிறாங்க. ரத்தினம்மா கூட அவங்க தங்கச்சியைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. ஒரு மணி நேரம் நின்னாப் போதும், அண்ணே."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இவர் 'பாக்கறேன் தம்பி' என்றுதான் சொல்லப்போகிறார், எனக்குத் தெரியாதா? போனைப் பிடுங்க எழுந்தேன்.

"வராது" என்றார்.

"இல்லண்ணே, சாமி காரியம்..."

"வராதுன்னேன்ல! இன்னிக்கும் வராது, அடுத்த வருஷமும் வராது! சாமி காரியம்னு சொல்லி என் மாட்டைக் கொன்னுட்டேன்டா, நானே கொன்னுட்டேன்!"

கொட்டிலில் இருந்த ஆடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. போனை வைக்கோலில் போட்டுவிட்டு, பவுனின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினார். என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. அவர் பக்கத்தில் சாணித் தரையிலேயே உட்கார்ந்து, அவர் முதுகில் கையை வைத்து, நானும் அழுதேன். இந்த உயிர் போய்விட்டால் இந்த மனுஷனும் தேறமாட்டார் என்கிற பயம் அப்போதுதான் என்னைப் பிடித்தது.

அப்போது பவுனின் கழுத்தில் ஏதோ ஒன்று கீழிருந்து மேலே உருண்டு வந்தது. அவர் தலையைத் தூக்கினார். பவுனு வாயைத் திறந்து எங்கள் இரண்டு பேர் மூஞ்சியிலும் ஒரு ஏப்பம் விட்டாள்.

ஏலக்காயும் வெல்லமும் புளித்து நாறிய நாற்றம். குடலைப் பிரட்டியது. நான் மூக்கை மூடவில்லை. அவரும் மூடவில்லை. தாடை அசைகிறதா என்று பார்த்தபடி, இன்னொன்று வராதா என்று இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.