மஞ்சக்கண்ணனைக் கீழே அனுப்புவது

தெல்மா கார்டோசாவுக்கு எதையும் மெதுவாகச் சொல்லிப் பழக்கமில்லை. மாவட்டச் சாலைகளில் மண் சமப்படுத்தும் வண்டி ஓட்டுகிறவள். அந்த இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தித்தான் தொண்டை இப்படி ஆகிவிட்டது என்பாள். வண்டியில் ஏறுவதற்கு முன்பே அந்தத் தொண்டை இருந்தது என்று அவளோடு பள்ளியில் படித்தவர்கள் சொல்வார்கள்.

கலிபோர்னியாவின் வடகரையில், ஸ்லேட்டர் குடாவில், கயாக் என்ற ஒற்றையாள் துடுப்புப் படகில் மீன்பிடிக்கிறவர்களின் சங்கத்தில் போன வருடம் ஒரு புது விதி வந்ததற்கும் அந்தத் தொண்டைதான் காரணம். அந்த வருடப் போட்டி முடிந்து கரைக்குத் திரும்பும் வழியில், ஆரஞ்சு நிறத்தில் மூன்று மீன்கள் மல்லாந்து மிதப்பதைப் பார்த்தாள். மஞ்சக்கண்ணன்கள். பிடித்தால் திருப்பி விட்டுவிட வேண்டும் என்று சட்டம் காக்கிற பாறைமீன். சட்டப்படி விட்டுத்தான் இருந்தார்கள். உயிரோடு இருந்த ஒன்றின் கண்ணைக் கடற்காகம் கொத்திக்கொண்டிருந்தது. தெல்மா துடுப்பால் தண்ணீரை அடித்து விரட்டினாள். அது போய், அவள் நகர்ந்ததும் திரும்பி வந்தது. அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் வீடு போய்ச் சேர்ந்தும் அடங்கவில்லை.

ஆழத்திலிருந்து சடாரென்று மேலே வரும் பாறைமீனுக்கு உடம்புக்குள் இருக்கும் காற்று உப்பிவிடும். கண் பிதுங்கும், வயிறு வாய்க்கு வரும். அப்படியே கடலில் போட்டால் இறங்க முடியாமல் பந்து மாதிரி மிதக்கும். ஆனால் பழைய ஆழத்துக்கே கொண்டுபோய் விட்டுவிட்டால் காற்று சுருங்கும், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதற்கென்றே ஒரு கவ்வி கிடைக்கிறது. மீனின் தாடையில் மாட்டி, ஈயக்குண்டு கட்டி இறக்கினால், வைத்த ஆழம் வந்ததும் தானே திறந்து மீனை விட்டுவிடும். ஒவ்வொரு கயாக்கிலும் இந்தக் கவ்வி இருக்க வேண்டும், விடவேண்டிய மீனைக் கீழே அனுப்பாமல் அடுத்த தூண்டில் போடக்கூடாது. இதுதான் தெல்மாவின் விதி. அப்போது சட்டம்கூட இதைக் கேட்கவில்லை.

சங்கக் கூட்டத்தில் அவள் இதை வைத்தபோது, டயர் கடை வெர்ன் எழுந்து நின்று கேட்டான். "மீனை வீட்டு வாசல்ல இறக்கி விடணுமா? விட்டதோட சரியா, இல்ல கதவைத் தட்டி யாராச்சும் இருக்காங்களான்னு பாத்துட்டு வரணுமா?"

கூடம் சிரித்தது.

"யோவ் வெர்ன், டயர்ல காத்து அதிகமானா என்ன ஆகும்?" என்றாள் தெல்மா.

"வெடிக்கும்."

"மீனுக்கும் அதேதான்யா. ஒரு டயருக்குப் பாக்குற அக்கறையில பாதி பாரு, போதும்."

"போட்டி நேரத்துல பாதி இதுலயே போயிடும், மகராசி. இந்த ரூலை வச்சுக்கிட்டு எவனும் ஜெயிக்க மாட்டான்."

அங்கேதான் அவள் வாயைக் கொடுத்தாள். "நான் ஜெயிச்சுக் காட்டறேன். அடுத்த போட்டியில இதே ரூலோட நான் ஜெயிக்கலேன்னா, ரூலை எடுக்கணும்னு நானே எந்திரிச்சு முன்மொழியறேன். போதுமா?"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்று வெர்ன் நாலு பக்கமும் திரும்பிக் கேட்டான். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்கு மட்டும் என்று விதி நிறைவேறியது.

அந்த ஒரு வருடம் முடிந்து போட்டி நாளும் வந்தது. தனியாக யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்பது சங்கத்தின் பழைய வழக்கம். சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்ப்பார்கள். தெல்மாவுக்கு விழுந்தது வெர்ன்.

"கடவுள் இருக்கான்" என்றான் வெர்ன்.

"இருந்தா உன்னை என்கூட விட்டிருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுத் தெல்மா தண்ணீரில் இறங்கினாள்.

மூடுபனி சீக்கிரமே விலகி, கடல் கண்ணாடியாகத் தெளிந்து கிடந்தது. மற்ற மீன்களை விழுங்கி வாழும் பெருவாய் மீன் லிங்காட். அதில் பெரியதைப் பிடிப்பவருக்குத்தான் பரிசு. வெர்னுக்குக் காலையிலேயே ஒன்று மாட்டிவிட்டது. அவன் கால் நீளம் இருந்தது. தெல்மாவுக்குக் கிடைத்தது அதைவிட ஒரு சாண் குறைவு. அவள் அசரவில்லை. காலை இன்னும் முடியவில்லை, பாறைத்திட்டின் வெளி விளிம்பில் பெரிய மீன் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். ரேடியோவில் வெர்னுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அங்கே துடுப்புப் போட்டாள். அவனும் முனகிக்கொண்டே பின்னால் வந்தான்.

விளிம்பில் நூறடிக்கு மேல் ஆழம். தூண்டில் அடியைத் தொட்டதுமே கம்பு வளைந்தது. ஆனால் இழுப்பு லிங்காட்டின் இழுப்பாக இல்லை. பாதி தூரம் வந்ததும் கனம் குறைந்து, தானாகவே மேலேறி வந்தது. என்ன வருகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "சனியனே, இன்னிக்குத்தான் உனக்கு நேரமா?" என்று தண்ணீரைப் பார்த்துத் திட்டினாள்.

பழுத்த ஆரஞ்சு நிறத்தில் மஞ்சக்கண்ணன் மேலே வந்தது. பெரிய மீன். இந்த ஜாதி நூறு வருடம்கூட வாழும். இது அவளைவிட மூத்ததாகவே இருக்கலாம். கண் பிதுங்கியிருந்தது, வாயில் இளஞ்சிவப்பாக வயிறு துருத்திக்கொண்டு நின்றது. அந்த வயிற்றைத்தான் காற்றுப்பை என்று நினைத்துக் கத்தியால் குத்தி விடுகிறவர்கள் இருந்தார்கள். அது உதவியில்லை, கொலை. தெல்மா கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரை விட்டு எடுக்காமலே கொக்கியைக் கழற்றினாள். தயாராக வைத்திருந்த இரண்டாவது கம்பில் கவ்வி தொங்கியது. தாடையில் மாட்டி, நூறடிக்கு வைத்து, குண்டை விட்டாள்.

மீன் தலைகீழாக இறங்கியது. ஆரஞ்சு நிறம் மங்கிக்கொண்டே போனதை அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து இருபதடி போயிருக்கும். கீழேயிருந்து ஏதோ ஒன்று எழும்பி வந்து மஞ்சக்கண்ணனைக் குறுக்கே கவ்வியது. நூல் நின்றது. கம்பு வில்லாக வளைந்து கயாக்கின் ஓரத்தைத் தொட்டது.

லிங்காட். தெளிந்த தண்ணீரில் தலையிலிருந்து வால்வரை தெரிந்தது. அப்படி ஒன்றை அவள் அந்தக் கடலில் பார்த்ததில்லை. வெர்னுடைய மீன் அதன் பக்கத்தில் ஒரு குட்டி.

"தெல்மா!" வெர்ன் கத்தினான். அவனும் பார்த்துவிட்டான். "அசையாதே! மெதுவா சுத்து! விடாது அது, விடவே விடாது! இதோ வரேன்!"

அவன் சொன்னது உண்மைதான். கவ்வினதை விடாத பிடிவாதக்காரன் லிங்காட். கொக்கியே இல்லாமல், தூண்டிலில் மாட்டிய வேறு மீனைப் பிடித்துக்கொண்டு வலை வரைக்கும் ஏறி வரும். இப்படி ஓசிச் சவாரியில் வருவதையும் சங்கம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். போன வருடம் வெர்ன் ஜெயித்ததே அப்படித்தான். இறக்கிவிடுகிற மீனோடு வந்தால் செல்லாது என்று தெல்மாவின் விதியில் ஒரு வரி இல்லை. எழுதும்போது அவளுக்கே தோன்றவில்லை.

அவள் கை ரீலை இரண்டு சுற்று சுற்றியது. சுற்றினது அவள்தான், வேறு யாரையும் சொல்ல முடியாது. லிங்காட் அப்படியே ஏறி வந்தது. அதன் வாயில் மஞ்சக்கண்ணனின் செவுள் இன்னும் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

வெர்ன் தன் கைவலையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். இந்த மீன் வலைக்குள் வந்தால் தோற்கப் போவது தான்தான் என்பதே அந்த மனிதனுக்கு மறந்துபோயிருந்தது. முகம் சிவந்து, மூச்சு வாங்கி, பண்டிகைக்கு வந்தவன் மாதிரி இருந்தான். "இன்னும் நாலு சுத்து. நாலே சுத்து தாயே, நான் அள்ளிடறேன்."

"மேல வந்தா மஞ்சக்கண்ணன் செத்துடும் வெர்ன். ஏற்கெனவே ஒரு தடவை வந்துட்டுது."

"சாகட்டுமே! ஒரு மீனு! நீ தோத்தா உன் ரூலே போயிடும். இந்த ஒண்ணுக்காக இனிமே எத்தனைய மிதக்க விடப் போற? கணக்குப் போட்டுப் பாரு!"

தெல்மா போட்டுப் பார்த்தாள். வெர்ன் சொன்ன கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் கடற்காகம் கொத்திய கண்தான் நினைவுக்கு வந்தது. இந்த மீனைக் கொன்று அந்த விதியைக் காப்பாற்றிவிட்டு, நாளைக்கு எந்த முகத்தோடு இன்னொருத்தனிடம் மீனை இறக்கு என்று சொல்வது?

ரீலைத் திறந்துவிட்டாள்.

"ஏய்! ஏய்!" என்று வெர்ன் அலறினான்.

நூல் தொய்ந்தது. இழுப்பு நின்றதும் லிங்காட் மீனைத் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கப் பார்த்து வாயைத் திறந்தது. அந்த ஒரு நொடி போதும். ஈயக்குண்டு மஞ்சக்கண்ணனைப் பிடுங்கிக்கொண்டு போனது. லிங்காட் ஒரு வட்டம் சுற்றியது, பிறகு கெல்ப் என்ற உயரமான கடற்பாசிக் காட்டுக்குள் போய் மறைந்தது. நூல் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் விரலில் நூல் சின்னதாக ஒரு தடவை சுண்டியது, கவ்வி திறந்துகொண்டது. சுற்றி எடுத்தபோது கவ்வி வெறுமையாக வந்தது. மேலே எதுவும் மிதந்து வரவில்லை. அந்த உடம்போடு அது பிழைத்ததா என்பது அவளுக்குத் தெரியாது. போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் தெரியும்.

"கிறுக்கு" என்றான் வெர்ன். வலையை இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருந்தான்.

"வலைய மடக்குய்யா. இங்க ஒரு மஞ்சக்கண்ணன் இருந்தா இன்னும் இருக்கும். இந்த இடத்தை விட்டுடுவோம்." சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்தாள். அவளுக்கு அழுகை வந்தது. வெர்னுக்கு முன்னால் அழுவதாக இல்லை, அதனால் வேகமாகத் துடுப்புப் போட்டாள்.

மதியம் போட்டி முடிவதற்குள் வேறொன்றும் மாட்டவில்லை. வெர்ன் ஜெயித்தான். கரையில் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள், நன்றாகவே குலுக்கினாள். கயாக்கை அலசிக் கட்டிவிட்டுச் சங்கக் கூடத்துக்குள் அவள் நுழைந்தபோது, வெர்ன் இரண்டு கையையும் அகல விரித்து அளவு காட்டிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றிக் கூட்டம். தன் மீனைத்தான் பெருக்கிச் சொல்கிறான் என்று நினைத்தாள்.

"என்னோடது இல்லைடா. அவ விட்டது" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு சூப்புக் கிண்ணத்தோடு போய் உட்கார்ந்தான்.

சிப்பி சூப்பும் புளிப்பு மாவு ரொட்டியும் நடந்துகொண்டிருக்கும்போதே, தலைவர் ஜட் மேசையைத் தட்டினார். ஊரில் பல் டாக்டர் அவர். "அடுத்தது, கவ்வி விதி. ஒரு வருஷம் முடிஞ்சுது. எடுக்கணும்னு யாரும் சொல்லலேன்னா அது அப்படியே நிலைச்சுடும். யாராவது ஏதாவது சொல்லணுமா?"

தெல்மா எழுந்தாள். கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"சொன்ன சொல்லு சொல்லுதான். நான் ஜெயிக்கல. அந்த விதியை எடுத்துடணும்னு முன்மொழியறேன்." குரல் வழக்கம்போலவே ஜன்னல் கண்ணாடியில் போய் மோதியது.

"வழிமொழியறது யாரு?" என்றார் ஜட்.

ஒருவர் முன்மொழிந்தால் இன்னொருவர் வழிமொழிய வேண்டும். இல்லையென்றால் வாக்கெடுப்புக்கே போகாது. எல்லாத் தலையும் வெர்ன் பக்கம் திரும்பியது. ஒரு வருடமாக அந்த விதியைத் திட்டாத நாள் அவனுக்கு இல்லை. வெர்ன் ரொட்டியைக் கிழித்துச் சூப்பில் தோய்த்தான்.

"வெர்ன்?" என்றார் ஜட்.

"வாய்ல சோறு இருக்குல்ல" என்றான் வெர்ன். வாயில் ஒன்றும் இல்லை. அவசரமாக ரொட்டியை உள்ளே தள்ளினான்.

"யோவ்!" தெல்மாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "வருஷம் பூரா இதுக்குத்தானே கத்தின? இப்ப எந்திரிச்சு வழிமொழிய என்ன கேடு? என் பேச்சைக் காப்பாத்த விடுய்யா!"

"உன் பேச்சை நீ காப்பாத்திட்ட. எந்திரிச்ச, சொன்ன. நான் எந்திரிக்கிறேன்னு எப்ப சொன்னேன்?"

ஜட் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். போன வருடம் வெர்னோடு சேர்ந்து விதியை எதிர்த்துக் கை தூக்கியவர்கள் எல்லாம் இருந்தார்கள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்தார். இன்னொருவர் மிளகுத்தூள் எங்கே என்று தேடினார். மூன்று தடவை கேட்டார் ஜட். ஒரு கைகூட அசையவில்லை.

"வழிமொழிய ஆளில்லை. தீர்மானம் விழுந்தது, விதி நிலைச்சுது. அடுத்தது, வண்டி நிறுத்துற இடத்துல பள்ளம்."

தெல்மா நின்றுகொண்டே இருந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை. வெர்ன் காலால் அவள் நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளிக் கொடுத்தான்.

"உக்காரு தெல்மா" என்றான். "சூப்பு ஆறுது."