பிள்ளைக்கு ஏலாது

மாசி மாதம் பிறந்துவிட்டால் கௌசி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட முடியாது. மேசை விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, பழப்பாத்திரம் இருந்த இடத்தில் கணினியை வைத்துவிடுவாள். பகலில் வங்கியில் வேலை, பின்னேரங்களில் ரக்ஸ், சனத்தின் வரிக் கணக்கு எழுதுவது. புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், சென் ஜேம்ஸ் ரவுணில், அந்த அடுக்குமாடிக் கட்டடத்துத் தமிழ்ச் சனம் முழுவதும் கையில் கடித உறைகளோடு ஆறாம் மாடிக்கு இறங்கியோ ஏறியோ வரும். பாலேஸ்வரி வரும்போது கடித உறையோடு ஒரு பெட்டி வடையும் வரும்.

மகன் ராகுலனுக்குப் பதினெட்டு வயது முடிந்த வருடம் நடந்த பேச்சு இன்றைக்கும் பாலேஸ்வரிக்கு மறக்கவில்லை. புருஷன் நவரட்ணம் காலமான நாளிலிருந்து, தனித் தாய் என்று வரிக் கணக்கில் மகனைக் காட்டி வந்தவள் அவள். அந்த வருடம் கௌசி மறுத்துத் தலையை ஆட்டிவிட்டாள்.

"இனிப் போடேலாது அன்ரி."

"ஏன் போடேலாது? என்ர வீட்டிலதானே படுக்கிறான்? என்ர சோத்தைத்தானே தின்னுறான்?"

கௌசி சிரித்தாள். "அன்ரி, உங்களோட தங்கியிருக்கிறது வேற, உங்களில தங்கியிருக்கிறது, உங்கட உழைப்பை நம்பிச் சீவிக்கிறது, வேற. பதினெட்டு முடிஞ்சால் கவர்மென்ற்றுக்கு அவர் உங்களோட இருக்கிற ஒராள், அவ்வளவுதான். உங்களில எண்டு போடுறதெண்டால் ஏலாத பிள்ளையாய் இருக்கோணும். டொக்டர் எழுதித் தரோணும்."

"சீ, பிள்ளையாரே! வேண்டாம் எனக்கு." பாலேஸ்வரி இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

வேண்டாம் என்றது தேடி வந்தது. வேறு நகரத்தில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவன் மெல்ல மெல்ல வகுப்புகளுக்குப் போகாமல் விட்டான். பிறகு தொலைபேசி எடுக்காமல் விட்டான். அவளே பஸ் ஏறிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். வீட்டில் இருந்த ஒரே அறையை அவனுக்குக் கொடுத்துவிட்டு அவள் சோபாவில் படுத்தாள். அந்த அறையின் திரைச்சீலை ஒரு மாரிக் குளிர்காலம் முழுக்கத் திறக்கவில்லை. பாண், ரொட்டி சுடும் பேக்டரியில் வேலை முடித்து வந்து, சோற்றைக் குழைத்துக் கோப்பையில் போட்டுக் கதவடியில் வைப்பாள். காலையில் பாதி கிடக்கும். அந்தப் பாதியைப் பார்த்தே அன்றைக்கு அவன் எப்படி என்று கணித்துக்கொள்வாள். மனச்சோர்வு என்று டாக்டர் பெயர் சொன்னார்.

கேட்டவர்களுக்கு அவள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "பிள்ளைக்கு ஏலாது" என்றாள். யாழ்ப்பாணத்துத் தமிழில் ஏலாது என்றால் முடியாது, சுகமில்லை; அந்தச் சொல் ஒரு பெரிய போர்வை. தடிமன் காய்ச்சலையும் மூடும், மரணப் படுக்கையையும் மூடும். அதற்குமேல் யாரும் விலக்கிப் பார்க்க மாட்டார்கள்.

டாக்டர் எழுதித் தந்தார். அந்த மாசியில் கௌசி கணினியில் தட்டிவிட்டு, "இப்ப உங்களில தங்கியிருக்கிறார் எண்டு போட்டிருக்கு அன்ரி" என்றாள். பாலேஸ்வரி அழுதாள். அழுகைக்கு அடியில் ஒரு நிம்மதி சுருண்டு படுத்ததை அவள் யாருக்கும் சொல்லவில்லை. தனக்கே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. புருஷன் போய்விட்டான், ஊர் போய்விட்டது, கூடப்பிறந்தவர்கள் நாலு நாட்டில். இவன் ஒருவன் போகமாட்டான்.

ஆனால் பிள்ளைகள் சுகப்படுவார்கள். வருடங்கள் எடுத்தாலும் சுகப்பட்டான். முதலில் திரைச்சீலை திறந்தது. பிறகு வெல்லஸ்லி வீதிவரை நடை. பிறகு ஒரு கோர்ஸ். பிறகு ஆஸ்பத்திரி ஒன்றில் கணினிகளைத் திருத்தும் வேலை. கோப்பை முழுதாக வெறுமையாகி, கழுவியும் வைக்கப்பட்டிருந்தது. அவள் சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்படத்தானே வேண்டும்?

போன வருட மாசியில் வடைப் பெட்டியோடு போனபோது கௌசி முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

"அன்ரி, நல்ல செய்தி. இந்த முறை ராகுலனை உங்களில போடேலாது. முழுநேர வேலையெல்லே? நேற்றே வந்து தன்ர ரக்ஸைத் தானே செய்துபோட்டுப் போட்டார்."

"நேற்றோ? எனக்குச் சொல்லேல்லையே."

"கூட ஒரு பிள்ளையும் வந்தவ. நல்ல வடிவு. இந்தியா ஆக்கள் போல, 'ரொம்ப தேங்ஸ் அக்கா' எண்டு சொன்னவ. உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம் ஓம், தெரியும்" என்றாள் பாலேஸ்வரி. பெட்டியை மேசையில் வைக்க மறந்து, மடியிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனாள்.

அன்று பின்னேரம் ராகுலன் தானாகவே சொன்னான். தீப்தி. திருச்சிப் பெண். ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் எழுதும் கம்பனியில் வேலை. தாய் அம்புஜம் இப்போது றிச்மண்ட் ஹில்லில் மகன் வீட்டுக்கு வந்து நிற்கிறாள், பாலேஸ்வரியைப் பார்க்க ஆசைப்படுகிறாள்.

"அந்தப் பெட்டைக்கு எல்லாம் தெரியுமோ?"

"எல்லாம் சொல்லிப்போட்டன். ரூமுக்குள்ள கிடந்தது, குளிக்காமல் கிடந்தது, எவ்ரிதிங். ஷி ஸ்ரில் ஸ்ரேய்ட், அம்மா. விட்டிட்டுப் போகேல்ல."

"தாய்க்கு?"

அவன் அவளுக்குப் பக்கத்தில் வந்து, அவள் படுக்கிற அதே சோபாவில் இருந்தான். "அதுதான் உங்களைக் கேக்கிறன். அந்த அன்ரிக்கு இங்கிலிஷ் அவ்வளவு வராது. எனக்கு உதெல்லாம் சொல்லத் தமிழ் காணாது. நீங்கள் சொல்லுங்கோ. ஒண்டையும் மறைக்க வேண்டாம். இப்ப சுகம் எண்டும் சொல்லுங்கோ, ஓகே?"

"நான் சொல்லுவன் ராசா" என்றாள். அந்த நேரத்தில் அவள் பொய் சொல்லவில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில். தீப்தி காரில் வந்து சப்வே வாசலில் அவர்களை ஏற்றிக்கொண்டு போனாள். வழியெல்லாம், "அம்மா, ஏசி அதிகமா இருக்கா? குறைக்கவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நல்ல பெண். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பாலேஸ்வரி வழி முழுக்கத் தேடினாள், கிடைக்கவில்லை. சாமி கும்பிட்டு முடிந்ததும் இளசுகள் இரண்டும் பெரியவர்கள் பேசட்டும் என்று வெளியே நழுவிவிட்டார்கள்.

சாப்பாட்டு மண்டபத்தில் அம்புஜம் எதிரே உட்கார்ந்து, தன் தட்டில் இருந்த கேசரியில் பாதியை எடுத்து உரிமையோடு பாலேஸ்வரியின் தட்டில் வைத்தாள்.

"நீங்க பேசற தமிழ் கேக்க எவ்வளவு இனிமையா இருக்கு! ஆனா பாதி புரியறதில்ல, தப்பா நெனச்சுக்காதீங்க. தீப்தி சொல்றா, 'கெதியா'ன்னா சீக்கிரமாம். நான் ஏதோ கெதி கெட்டுப் போச்சுன்னு பயந்துட்டேன்!"

பாலேஸ்வரியும் சிரித்தாள்.

"பையன் தங்கம். எங்க வீட்ல எல்லாருக்கும் சம்மதம். உங்க பக்கம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா மனசு விட்டுச் சொல்லிடுங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க."

பாலேஸ்வரி தண்ணீர் குடித்தாள். மகன் சொல்லச் சொன்னதைத் தொடங்கினாள்.

"உங்களுக்கு ஒளிக்கப்படாது. பிள்ளைக்கு ஏலாது. டொக்டரே எழுதித் தந்தவர்."

அம்புஜத்தின் கை கேசரியில் நின்றுவிட்டது. "பிள்ளைக்கு... ஏலாதா?"

"ஓம். கன வருசமாய்."

"மருந்து ஏதாவது...?"

"குடுத்துத்தான் பாத்தது."

அதற்கடுத்து 'இப்ப சுகம்' என்று வர வேண்டும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அம்புஜத்தின் கண்கள் நிறைந்தன. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கடவுளே. என் பொண்ணுக்குக் குழந்தைன்னா உயிருங்க. பக்கத்து வீட்டுக் குழந்தையைக்கூட இறக்கி விடமாட்டா. அவளுக்கா இப்படி?"

அப்போதுதான் பாலேஸ்வரிக்குப் புரிந்தது. அவள் சொன்ன பிள்ளை அவளுடைய ராகுலன். அம்புஜத்தின் காதில் விழுந்த பிள்ளை இன்னும் பிறக்காத ஒன்று. அவளுடைய மகனுக்குப் பிள்ளை கொடுக்க இயலாது என்று இந்த அம்மாள் விளங்கிக்கொண்டாள்.

ஐயோ, இல்லை அம்மா, நான் சொன்னது மனச்சோர்வு, அதுவும் மாறிவிட்டது என்று சொன்னால் போதும். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுகிற பகிடியாக அது இந்தக் குடும்பத்தில் கிடந்திருக்கும்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ராகுலன் நின்றான். தீப்தி ஏதோ சொல்ல, தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு பாலேஸ்வரியின் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. சோறு குழைத்து வைத்த கைக்கு, கதவடியில் காத்துக் கிடந்த காதுக்கு, அந்தச் சிரிப்பில் ஒரு துண்டு கூடக் கிடைத்ததில்லை.

"நான் என்ன செய்ய?" என்றாள் பாலேஸ்வரி. "தாய் நான். மறைக்க மனம் வரேல்ல."

அம்புஜம் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு பெரிய மனசுங்க உங்களுக்கு" என்று சொல்லி அழுதாள்.

நாலைந்து நாள் கழித்து ராகுலன் வேலையிலிருந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றான். பாலேஸ்வரி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த அன்ரி ரிக்கெற்றை மாத்திக்கொண்டு திருச்சிக்குப் போகப் போறன் எண்டு நிண்டவ, அம்மா. ஏனெண்டு தீப்தி கேட்டுக் கேட்டு, நேற்றுத்தான் சொன்னவ."

"அவைக்கு எங்கட தமிழ் விளங்கிறேல்ல தம்பி. நான் உனக்கு ஏலாமல் கிடந்ததைத்தான்..."

"தெரியும். நீங்கள் முதல் சொன்னது அவவுக்கு விளங்கேல்ல. தட்ஸ் ஓகே. தீப்தி கூடச் சிரிச்சவ." அவன் குரல் உயரவில்லை. "பிறகு அன்ரி குழந்தையைப் பற்றிச் சொன்னவவாம். அது உங்களுக்கு விளங்கினதோ?"

கத்தி நின்றது.

"விளங்கினதோ, அம்மா?"

"வெங்காயம் கண்ணெல்லாம் எரியுது, நீ முதல் சப்பாத்தைக் கழட்டு."

"அம்மா."

"விளங்கினது" என்றாள்.

அவன் தலையை மட்டும் ஆட்டினான். சத்தம் போட்டிருந்தால் அவளும் திருப்பிச் சத்தம் போட்டிருப்பாள். உனக்காக என் இடுப்பை முறித்தவள் நான் என்று கத்தியிருப்பாள். அவன் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"நேற்று அந்த அன்ரிக்கும் தீப்தியின்ர அண்ணாவுக்கும் முன்னால நிண்டு நானே சொன்னனான். என்ர தமிழில. எனக்கு அந்தச் சொல்லுகள் தெரியாது, அம்மா. கையால காட்டிச் சொன்னனான். எனக்கு வந்தது தலையில, அங்க இல்லை எண்டு."

அடுத்த கிழமை அவன் உடுப்புகளை எடுத்துக்கொண்டு போனான். அறைத் திரைச்சீலை திறந்தபடி கிடந்தது. அவள் இன்னும் சோபாவிலேதான் படுத்தாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஒரு குறையும் வைக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்க்கு உரிய சேலை, உரிய கதிரை, உரிய மரியாதை எல்லாம் வந்தன. தாலி கட்டி முடிந்ததும் ராகுலன் அவள் காலில் விழுந்தான். தீப்தியும் கூட விழுந்தாள், ஆனால் நிமிர்ந்தபோது அம்மா என்று கூப்பிடவில்லை. அம்புஜம் மட்டும் நன்றாகப் பேசினாள். வேற்றுமொழிக்காரியோடு பேசுவதுபோல, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து நிறுத்திப் பேசினாள். "சாப்பிட்டீங்களா? சாப்பாடு. சாப்பாடு ஆச்சா?" இனிமேல் விளங்கவில்லை என்ற சாட்டு இந்தப் பெண்ணுக்கு இருக்கக் கூடாது என்பதுபோல. புதுத் தம்பதிகள் ஸ்ரௌவ்வில்லில் வீடெடுத்துக்கொண்டு போனார்கள். கார் இல்லாத ஒருத்தி நினைத்த நேரத்தில் போய்வரக்கூடிய இடமல்ல அது.

மாரி தொடங்கியபோது பாலேஸ்வரியின் முழங்கால் விட்டுவிட்டது. பேக்டரியில் நின்று வேலைசெய்ய முடியவில்லை, வேலையை விட்டுவிட்டாள். அவள் கேட்கவில்லை, ஆனால் அந்த மாதமே ராகுலன் வாடகையைக் கட்டத் தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். "சாப்பிட்டீங்களோ? மருந்து போட்டீங்களோ?" அவள் ஓம் என்பாள். பிறகு போனை வைத்துவிடுவான்.

இந்த மாசியில் வடை சுட அடுப்படியில் நிற்க முடியவில்லை. வெறுங்கையோடு ஆறாம் மாடிக்குப் போனாள். கௌசி கதிரையை இழுத்துப் போட்டாள், காலை நீட்டி இருக்கச் சொன்னாள்.

"ஆரும் உங்களில தங்கியிருக்கினமோ அன்ரி? தெரியும், ஆனால் இந்தக் கொம்பியூட்டர் கேக்குது, நான் கேக்கத்தான் வேணும்."

"ஒருத்தரும் இல்லை."

கௌசி தட்டினாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாகக் கதிரையைத் திருப்பினாள்.

"ராகுலன் போன வெள்ளிக்கிழமை எனக்குப் போன் எடுத்தவர். அம்மாவைத் தன்னில போடேலுமோ எண்டு கேட்டவர். நல்ல பிள்ளை அன்ரி, நீங்கள் குடுத்து வைச்சனீங்கள். தாய் தகப்பன் எண்டால் ஒரே வீட்டில இருக்கவும் தேவையில்லை. ஸ்ரௌவ்வில்லில இருந்துகொண்டே போடலாம்."

"ஒரே வீட்டில இருக்கத் தேவையில்லையோ?"

"தேவையில்லை. ஒண்டே ஒண்டுதான். உங்களுக்கு ஏலாது எண்டு டொக்டர் எழுதித் தரோணும். உந்த முழங்காலுக்கு எழுதுவார்தானே?"

பாலேஸ்வரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவன் என்ன சொல்லிக் கேட்டவன், பிள்ளை?"

"எல்லாம் இங்கிலிஷிலதான். உங்களுக்குத் தெரியாதே அவற்ற தமிழ்?" கௌசி சிரித்தாள். "கடைசியில மட்டும் தமிழில சொன்னவர். 'அம்மாவுக்கு ஏலாது, கௌசியக்கா' எண்டு."

பாவப்பட்டுச் சொன்னானா, அவளுடைய சொல்லை அவளுக்கே திருப்பிக் கொடுத்தானா? அந்தச் சொல்லுக்குள் இரண்டும் அடங்கும். யாரிடம் கேட்பது? அவனிடம் கேட்கிற வாயை அவள் அந்தக் கோயில் மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்தவள்.

மேசையை ஊன்றி எழும்பினாள். முழங்காலில் குத்தல் இடுப்புவரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நின்றாள்.

"எனக்கு ஏலும்" என்றாள். "ஏலும் எண்டு அவனுக்குச் சொல்லு."

"அன்ரி, லிஃப்ற் வரைக்கும் பிடிச்சுக்கொண்டு வாறன்..."

"இல்லைப் பிள்ளை. நீ உன்ர வேலையைப் பார். எனக்கு ஏலும்."